யாழ்ப்பாணத்துச் சதுப்பில் கயாக்கில் ஒரு நாள்: நன்னீர்த் தூண்டிலுக்கு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் மீன் என்றால் எல்லோருக்கும் கடல்தான் நினைவுக்கு வரும். பாசையூர், குருநகர், மயிலிட்டி என்று ஒவ்வொரு வீட்டுக்கும் வழக்கமான ஒரு கரை உண்டு. நன்னீர் மீனை இங்கே பெரிதாக யாரும் கணக்கெடுப்பதில்லை. ஆனால் மாரி மழை ஓய்ந்து தாழ்நிலங்களில் தண்ணீர் தேங்கி நிற்கும் சில மாதங்களில், தாமரை இலைக்கு அடியில் விரால் நிற்கிறது. அந்த இடத்துக்கு வள்ளம் போகாது, சேற்றில் நடந்தும் போகேலாது. ஆள் ஏறிய பிறகும் அரை அடித் தண்ணீரில் மிதக்கும் கயாக் என்ற சிறு துடுப்புப் படகுக்குத்தான் அது சரியான இடம்.

தூண்டில் வித்தையைவிட முக்கியமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் நன்னீர் நிரந்தரமானதல்ல. அது எப்போது வருகிறது, எங்கே தங்குகிறது, எப்போது உவர்க்கத் தொடங்குகிறது என்பதைப் பார்க்கப் பழகினால் மீன் தானாக அகப்படும். பழகாவிட்டால் எவ்வளவு விலையான றீல் வைத்திருந்தும் வெயில்தான் மிச்சம்.

எப்போது போவது

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. சுண்ணாம்புக்கல் நிலம். பெய்யும் மழையில் ஒரு பகுதி கீழே இறங்கிக் கிணறுகளுக்குப் போகிறது, மிச்சம் கடலுக்கு ஓடுகிறது. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றோடு வந்து கொட்டித் தீர்க்கும். தண்ணீர் நிறைய இருக்கிறதே என்று அப்போதே இறங்கிவிடாதீர்கள். வெள்ளம் கலங்கலாக ஓடும், மீன் வயல் முழுக்கச் சிதறிப்போயிருக்கும், விரால் குஞ்சு பொரிக்கும் காலமும் அதுதான்.

சரியான காலம் தைப்பொங்கலுக்குப் பின் தொடங்குகிறது. காலபோக (மாரிப் பருவ) நெல் அறுவடையாகும் நேரத்தில் வயல் தண்ணீர் வடிந்து வாய்க்காலுக்கும் பள்ளத்துக்கும் இறங்கும். தண்ணீரோடு மீனும் இறங்கி ஒரு இடத்தில் சேரும். தை நடுப்பகுதியிலிருந்து பங்குனி வரை இந்த நிலை இருக்கும். சித்திரையிலும் போகலாம், ஆனால் பிற்பகலில் இடி மின்னல் வரும் மாதம் என்பதால் மதியத்துக்கு முன் கரையில் நிற்கவேண்டும். வைகாசியில் சோளகக் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால் தண்ணீர் கண் முன்னே வற்றும். அதன் பிறகு உப்புப் படிந்த வெடிப்பு நிலம்தான்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது, முந்தைய இரண்டு மூன்று நாள் மழை இல்லாமல் இருந்ததா என்று பாருங்கள். தண்ணீர் தெளிந்திருந்தால்தான் விரால் மேலே வரும் இரையைக் கண்டு பாயும்.

எந்தத் தண்ணீர்

முதலில் நினைவுக்கு வருவது வழுக்கையாறு. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக வந்து அராலியில் யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் விழும் மழைக்கால ஆறு அது. அராலியில் உள்ள தடுப்பணை கடல்நீர் உள்ளே ஏறாமலும் மழைநீர் உடனே ஓடிவிடாமலும் பார்க்கிறது. அணைக்கு மேற்பக்கம் தண்ணீர் விரிந்து நிற்கும் வயல்வெளிப் பள்ளங்கள் ஒரு நாள் பயணத்துக்குப் போதுமானவை.

இரண்டாவது, வடமராட்சி நீரேரியின் ஓரங்கள். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை கட்டியதன் நோக்கமே இந்த உள்நாட்டு நீரேரிகளை நன்னீராக்குவதுதான். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற பெரிய திட்டத்தின் பகுதிகள் அவை. திட்டம் முழுதாக நிறைவேறவில்லை, அதனால் நீரேரியின் நடுப்பகுதி இன்றும் உவர்தான். ஆனால் வல்லை வெளியிலும் வாதரவத்தைப் பக்கத்திலும் வயலிலிருந்து வாய்க்கால் வந்து விழும் வாய்களில் மாரி முடிந்த கையோடு நல்ல தண்ணீர் நிற்கும்.

உவரா நன்னீரா என்று நாக்கில் வைத்துப் பார்க்கவேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கரையில் முளைத்திருப்பதைப் பாருங்கள். தாமரை, அல்லி, ஆகாயத்தாமரை இருந்தால் நன்னீர். கோரை தனியே இருந்தால் இரண்டும் கெட்டான், அதை மட்டும் நம்பாதீர்கள். கால் பட்டால் நசியும் உமரிச் செடியும் கண்டல் மரமும் தொடங்கும் இடத்தில் நன்னீர் முடிகிறது. அங்கே கிடைப்பது மணலை மீனும் இறாலும்தான், அதற்கு இந்தத் தூண்டில் உதவாது. ஒரே வாய்க்காலில் மேலே அல்லியும் அரைக் கிலோமீற்றர் கீழே உமரியும் நிற்பதைக் காணலாம். அந்த இரண்டுக்கும் இடையில் கோடு எங்கே என்று பிடித்துவிட்டால், அதற்கு மேல்பக்கம்தான் உங்கள் இடம்.

சில இடங்களை விட்டுவிடுங்கள். கோயில் கேணி, கோயில் குளம் எதிலும் தூண்டில் போடாதீர்கள், சனம் மனம் நோகும். சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகி 2015இல் தேசிய பூங்காவான இடம். பறவை பார்க்கப் போங்கள், தூண்டிலோடு போகாதீர்கள். முகமாலை, நாகர்கோவில் போன்ற பழைய போர் முன்னரங்கப் பகுதிகளில் மிதிவெடி அகற்றும் வேலை நெடுங்காலம் நடந்தது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் கரையேறவே கூடாது. மழைவெள்ளம் மண்ணை அரித்துப் பொருட்களை இடம் மாற்றும் என்பதால், பலகை இல்லாத கரையிலும் துருப்பிடித்த எதையும் தொடாமல் 119க்குச் சொல்லுங்கள்.

யாரிடம் கேட்பது

தண்ணீர் பொதுவாகத் தெரிந்தாலும் அதற்குப் பொறுப்பானவர்கள் இருக்கிறார்கள். சிறு குளங்கள் கமநல சேவை நிலையத்தின் பொறுப்பிலும் அந்த ஊர்க் கமக்காரர் அமைப்பின் பராமரிப்பிலும் வரும். சில குளங்களில் தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபை மீன்குஞ்சு விட்டிருக்கும். அந்த மீன் அந்த ஊர்ச் சங்கத்தின் வருமானம். தொடக்கூடாது. நீரேரிப் பக்கம் என்றால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு சொல் சொல்லிவிட்டு இறங்குங்கள். யாரைப் பிடிப்பது என்று தெரியாவிட்டால் கிராம அலுவலரிடம் போனால் வழி காட்டுவார்.

அன்றைக்குக் கரையில் நிற்பவர்களிடமும் கேளுங்கள். “அண்ணை, இந்தப் பக்கம் வலை கிடக்கோ? முதலை கிதலை கண்டனியளோ?” என்று கேட்டால் போதும். “அந்தக் கம்புக்கு அங்கால போகாதேங்கோ தம்பி, எங்கட களங்கண்டி கிடக்கு” என்று இடம் சுட்டியே சொல்வார்கள். வன்னிக் குளங்களில் முதலை இருப்பது எல்லோருக்கும் தெரியும். குடாநாட்டிலும் கண்டதாக ஊரவர் சொன்னால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, வேறு இடம் பாருங்கள். களங்கண்டி வலையின் கம்புவரிசையைத் துடுப்பால் தட்டிவிடுவதும், அதற்குள் தூண்டில் எறிவதும் பெரிய அநியாயம். ஒரு குடும்பத்தின் அன்றாடச் சாப்பாடு அந்த வலைக்குள்தான் இருக்கிறது.

கயாக்கும் அதனோடு போகவேண்டியவையும்

மேலே அமர்ந்து ஓட்டும் வகைக் கயாக்கே சதுப்புக்கு ஏற்றது. உள்ளே கால் நீட்டி அமரும் வகை கவிழ்ந்தால் தண்ணீர் நிரம்பிவிடும், சேற்றுக்கு நடுவில் அதை வெறுமையாக்க முடியாது. நீளம் 10 அடி போதும். 12 அடிக்கு மேல் போனால் அல்லிக்கொடிக்குள் திருப்புவது கஷ்டம். கயாக் தாங்கும் நிறை என்று எழுதியிருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், ஆளும் சாமானும் சேர்த்து, ஏற்றாதீர்கள். கொண்டுபோக ஒரு பட்டா வாகனம் (சிறு லொறி) பிடித்தால் சுகம். இரண்டு பேர், இரண்டு கயாக் என்று போங்கள். தனியே போகாதீர்கள்.

உயிர்காப்பு அங்கியை இருக்கைக்குப் பின்னால் கட்டிவைப்பவர்களைக் காண்கிறேன். முழங்கால் தண்ணீர்தானே என்ற நினைப்பு. ஆபத்து தண்ணீருக்குக் கீழே உள்ள சேற்றில் இருக்கிறது. இடுப்பளவு சேறு ஆளைப் பிடித்துக்கொண்டால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. அங்கியைப் போட்டு வாரை இறுக்கிக்கொள்ளுங்கள். அதில் ஒரு விசிலும் சிறிய கத்தியும் தொங்கட்டும். கொடியோ தங்கூசியோ (நைலோன் தூண்டில் நூல்) காலில் சுற்றினால் அறுக்க அந்தக் கத்திதான் உதவும்.

நங்கூரத்தைவிட மரக்கோல் நல்லது. ஏழெட்டு அடி மூங்கில் ஒன்றை ஒரு முனை சீவி எடுத்துக்கொண்டால், நிற்கவேண்டிய இடத்தில் சேற்றில் ஊன்றிக் கயிற்றால் கட்டிவிடலாம். சத்தமே வராது. கயிற்றை முன்பக்கத்திலோ பின்பக்கத்திலோ மட்டும் கட்டவேண்டும். பக்கவாட்டில் கட்டினால் காற்று ஒரு தள்ளுத் தள்ளும்போது கயாக் சரிந்துவிடும்.

ஆளுக்கு மூன்று லீற்றர் குடிதண்ணீர், கை கழுவத் தனியாக ஒரு போத்தல் தண்ணீரும் சவர்க்காரத் துண்டும், தொப்பி, நீளக்கைச் சட்டை, நீர் புகாத பையில் தொலைபேசி, ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டி. காலுக்குக் கட்டாயம் மூடிய சப்பாத்து. சாப்பாட்டுக்குப் புட்டும் வாழைப்பழமும் போல, ஒரு கையால் சாப்பிடக்கூடியதாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

தூண்டில்

இரண்டு தூண்டில் போதும். ஒன்று விராலுக்கு: ஆறரை முதல் ஏழு அடி நீளமுள்ள, கொஞ்சம் விறைப்பான தடி. அதில் 30 முதல் 40 இறாத்தல் தாங்கும் பின்னல் நூல். சாதாரணத் தங்கூசி இழுபடும். தாமரைத் தண்டுக்குள் புகுந்த விராலை வெளியே எடுக்க இழுபடாத நூல்தான் வேண்டும். இரைக்கு ரப்பர் தவளை. அதன் இரட்டை முள் உடலோடு ஒட்டி மேல்நோக்கி மடிந்திருப்பதால் இலையில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வரும். பச்சை, கறுப்பு, வெள்ளை என்று மூன்று நிறம் வைத்திருங்கள். வெளிச்சம் குறைந்த காலைக்குக் கறுப்பே நல்லது, கீழிருந்து பார்க்கும் மீனுக்கு அதன் உருவம் தெளிவாகத் தெரியும்.

உயிருள்ள தவளையைக் குத்திப் போடுவது பழைய பழக்கம். மீன் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் வயல்காரருக்குத் தவளை வேண்டும். ரப்பர் இருக்கும்போது அது தேவையில்லை என்பதே என் முடிவு.

மற்றது சிறு மீனுக்கு: மெல்லிய தடி, ஆறு முதல் எட்டு இறாத்தல் தங்கூசி, சிறிய முள், ஒரு மிதப்பு, அரிசியளவு ஈயம். இரைக்கு நாக்கிளிப்புழுவும் (மண்புழு) பாண் உருண்டையும். எல்லா முள்ளிலும் கொளுவியை (முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு கூரை) குறட்டால் அமர்த்திவிடுங்கள். திருப்பி விடவேண்டிய மீனுக்கும் நல்லது, உங்கள் விரலுக்கும் நல்லது.

விடியற்காலை

தை, மாசியில் சூரியன் ஆறரை மணி அளவில் எழும்பும். ஆறு மணிக்கே கரையில் நில்லுங்கள். இறங்கும் இடத்தை ரோச் வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள். வரம்பு ஓரமும் வைக்கோல் குவியலும் புடையன் பாம்பு கிடக்கும் இடங்கள். மழைக்காலத்தில் எலியும் பாம்பும் மேட்டு நிலத்துக்கு ஏறியிருக்கும். கோலால் தட்டிக்கொண்டு நடவுங்கள்.

இறங்குமுன் திரும்பி நின்று கரையைப் பாருங்கள். பனங்கூடலை அடையாளமாக வைக்காதீர்கள், தண்ணீரிலிருந்து பார்த்தால் எல்லாப் பனங்கூடலும் ஒன்றுபோலவே தெரியும். கோயில் கோபுரம், தொலைத்தொடர்புக் கோபுரம், தண்ணீர்த் தாங்கி இவற்றில் இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் அந்த இடத்தைக் குறித்து, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் காற்று. தை மாதத்து வாடை வடகிழக்கிலிருந்து வரும். விடியலில் சும்மா கிடக்கும், ஒன்பது பத்து மணிக்குப் பிறகு எழும்பும். அதனால் காலையில் உடம்பில் பலம் இருக்கும்போதே காற்று வரும் திசையை நோக்கி வலித்துப் போங்கள். திரும்பி வரும்போது களைத்திருப்பீர்கள், காற்று பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வரும். வெட்டவெளியான வல்லையில் இதை மாற்றிச் செய்தவருக்கு மதிய வெயிலில் எதிர்க்காற்றில் துடுப்பு வலிப்பதே அன்றைய வேலையாகிவிடும்.

முதல் முறை என்றால், இடுப்பளவுத் தண்ணீரும் கெட்டித் தரையும் உள்ள இடத்தில் ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்ந்து பழகுங்கள். கயாக்கை நிமிர்த்தி, குறுக்கே எட்டி மறுபக்க ஓரத்தைப் பிடித்து, காலை உதைத்து, வயிறு குப்புற ஏறிப் படுத்து, பிறகு புரண்டு இருக்கவேண்டும். சேற்றுச் சதுப்பில் விழுந்தால் எழுந்து நிற்க முயலாதீர்கள். நின்றால் கால் புதையும். படுத்தபடியே கயாக்கைப் பிடித்துக் காலை உதைத்து ஏறுங்கள்.

விரால்

விரால் மூச்சு விடத் தண்ணீருக்கு மேலே வந்தே ஆகவேண்டும். செவுளோடு, தலைக்குள் காற்றை உறிஞ்சும் தனி உறுப்பும் அதற்கு உண்டு. அதனால்தான் ஒட்சிசன் குறைந்த அழுகல் தண்ணீரிலும் உயிர் வாழ்கிறது, குளம் வற்றும்போது ஈரச் சேற்றுக்குள்ளும் தாக்குப்பிடிக்கிறது. தூண்டில்காரருக்கு இது பெரிய உதவி, ஏனென்றால் மீன் தானே வந்து தன் இருப்பிடத்தைக் காட்டுகிறது.

துடுப்பை மடியில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். தாமரைக் காட்டில் ஒரு இலை மட்டும் காற்றில்லாமல் அசையும். அதன் ஓரத்தில் மூக்கு நுனி தெரிந்தும் தெரியாமலும் வந்து, ‘ப்ளக்’ என்ற சத்தத்தோடு ஒரு குமிழி விட்டுப் போகும். சிறு மீன் துள்ளினால் சத்தம் சிதறிக் கேட்கும், விராலின் சத்தம் தடித்து ஒற்றையாக இருக்கும். எங்கே வந்தது, எந்தப் பக்கம் தலை இருந்தது என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அது அதிகம் தூரம் போகாது.

இலைகளுக்கு நடுவில் கைக்குட்டை விரித்த அளவு வெறும் தண்ணீர் தெரியும் இடம்தான் அது பதுங்கி இரை பார்க்கும் வாசல். மரக்கோலை ஊன்றி, 30 அடி தள்ளியே நில்லுங்கள். தவளையை அந்த வெளிக்குள் எறியாதீர்கள். அதற்கு அப்பால் உள்ள இலையின் மேல் விழட்டும். ஒரு மூச்சு பொறுத்து, இலையின் மேலே இழுத்து வந்து, விளிம்பில் நிறுத்தி, மெல்ல வழுக்கித் தண்ணீரில் விழவிடுங்கள். விழுந்ததும் அசைக்காதீர்கள். வட்ட அலை அடங்கட்டும். பிறகு தடி நுனியால் ஒரு சின்னத் துடிப்பு, ஒரு நிறுத்தம், இன்னொரு துடிப்பு.

வரும்போது முதலில் தண்ணீர் மேடாக எழும்பும், பிறகு தவளை இருந்த இடம் வெடிக்கும். அந்தச் சத்தத்துக்குக் கை தானாகவே சுண்டப் பார்க்கும். சுண்டினால் வாயிலிருந்து தவளை பறந்து வந்துவிடும், ஏனென்றால் விரால் முதலில் கவ்வுகிறது, பிறகுதான் திருப்பி விழுங்குகிறது. தடியைத் தாழ்த்துங்கள், தளர்ந்த நூலை றீலால் எடுங்கள், நூல் நகர்ந்து கையில் பாரம் தெரிந்த பின் மேல்நோக்கி ஓங்கி இழுங்கள். தாமதம் இரண்டு நொடிதான், ஆனால் முழுவித்தையும் அந்த இரண்டு நொடியில்தான் இருக்கிறது.

முள் ஏறிய பிறகு பொறுமை கூடாது. தலையை மேலே தூக்கி இலைகளுக்கு மேலால் இழுத்து வரவேண்டும், தண்டுக்குள் தலையைக் கொடுக்கவிட்டால் சுற்றிக்கொள்ளும். கயாக்கில் இன்னொன்று உண்டு: நீங்கள் மீனை இழுப்பதுபோல் மீனும் உங்களை இழுக்கும். தடியைப் பக்கவாட்டுக்குப் போகவிடாமல் முன்பக்கத்தை நோக்கியே வைத்திருங்கள். மீன் கொடிக்குள் புகுந்துவிட்டால், நூலை இறுக்கமாக வைத்தபடி மரக்கோலைக் கழற்றி, கயாக்கை மீனிடம் கொண்டுபோய், அத்தாங்கை (கைவலை) கொடியோடு சேர்த்துக் கீழே கொடுத்துத் தூக்குங்கள்.

பல் கூரானது, விரலை வாய்க்குள் விடாதீர்கள். ஈரத் துணியால் தலைக்குப் பின் பிடித்து, குறட்டால் முள்ளைக் கழற்றுங்கள். எடுப்பதானால் தலையில் ஒரு கட்டையால் உடனே தட்டி ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். விரால் கரையில் நெடுநேரம் உயிரோடு இருக்கும் மீன். அதை உமலுக்குள் (ஓலைப் பை) போட்டுத் துடிக்கவிடுவது நியாயமில்லை. மூடாத பெட்டியென்றால் எழும்பிப் பாய்ந்து போயும் விடும்.

இனி, இந்த வழிகாட்டியில் நான் மிகவும் அக்கறைப்படும் இடம். சில வேளை தண்ணீரின் மேல் செம்மஞ்சள் நிறத்தில் சிறு புள்ளிகள் கூட்டமாகக் கொதிப்பதுபோல் தெரியும். அவை விரால் குஞ்சுகள். அவற்றின் கீழே தாயோ தகப்பனோ காவல் நிற்கும். அதற்கு மேலே தவளையை எறிந்தால் பசியில்லாவிட்டாலும் குஞ்சைக் காக்கப் பாய்ந்து கவ்வும். மிக இலகுவாகப் பிடிபடும் விரால் இதுதான், பிடிக்கவே கூடாத விராலும் இதுதான். காவல் போனால் அந்தக் கூட்டத்தைச் சில மணி நேரத்தில் மற்ற மீன்களும் நீர்க்காகமும் தின்று முடித்துவிடும். ஓரமாக விலகிப் போங்கள். குடாநாட்டுத் தண்ணீர் சிறிது. ஒரு பள்ளத்தில் உள்ள பெரிய விரால்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆளுக்கு இரண்டு எடுத்தால் போதும், முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளமில்லாததைத் திருப்பி விடுங்கள்.

வெயில் ஏறிய பின்

ஒன்பதரை, பத்து மணிக்குப் பிறகு விரால் நிழலுக்குள் ஒதுங்கும். அப்போது சிறு தூண்டிலை எடுங்கள். மணல் கலந்த ஆழமில்லாத தரையில் சாப்பாட்டுத் தட்டளவு வட்டக் குழிகள் தெரிந்தால் அவை திலாப்பியாவின் கூடு. இலங்கைக்கு 1952இல் கொண்டுவந்து விட்ட மீன், இன்று கொஞ்சம் உவர்த்த தண்ணீரிலும் பெருகி நிற்கிறது. இதை எடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. பாண் உருண்டையைத் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டால் மிதப்பு முதலில் நடுங்கும், பிறகு சரிந்து ஓடும். ஓடும்போது தூக்குங்கள்.

புழுவுக்குக் கெளிறும் சுங்கானும் வரும். இரண்டிலும் பக்கச் செட்டையில் முள் உண்டு, கெளிறுக்கு முதுகுச் செட்டையிலும் உண்டு. சுங்கானின் முள்ளில் நஞ்சும் உண்டு. கையால் பிடிக்காமல் குறட்டால் முள்ளைக் கழற்றுங்கள், முடியாவிட்டால் தங்கூசியை அறுத்துவிடுங்கள். குத்திவிட்டால் கடுக்கும். தாங்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில் கையை அரை மணி நேரம் வரை வைத்திருந்தால் வலி இறங்கும். ஒரு சுடுதண்ணீர்ப் போத்தலில் தேத்தண்ணிக்கென்று கொண்டுபோவது இதற்கும் உதவும். கை வெந்துவிடாதபடி முதலில் மற்றக் கையால் சூட்டைப் பாருங்கள். வீக்கம் கூடினால் அல்லது மூச்சு முட்டினால் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.

மீன் கடிக்காத நேரத்தில் பறவையைப் பாருங்கள். நீர்க்காகம் ஒரே இடத்தில் மூழ்கி மூழ்கி எழுந்தால் அங்கே சிறு மீன் கூட்டம் நிற்கிறது, அதன் ஓரத்தில் பெரிய மீனும் நிற்கும். தாமரைக்கோழி இலைமேல் நடந்து திரியும் இடத்தில் கூடு இருக்கலாம், அந்தப் பக்கம் கயாக்கை விடாதீர்கள். அறுந்த தங்கூசித் துண்டு ஒன்றையும் தண்ணீரில் போடாதீர்கள். கொக்கின் காலில் அது சுற்றினால் பிறகு அதால் பறக்கேலாது.

காற்று எழும்பி, தண்ணீரில் வெள்ளை நுரை தெரிந்தால் மீன் எவ்வளவு கடித்தாலும் திரும்புங்கள். இல்லாவிட்டாலும் பன்னிரண்டு மணிக்குக் கரையில் இருப்பது நல்லது.

கரை ஏறிய பின்

கை கழுவாமல் சாப்பாட்டைத் தொடாதீர்கள். தண்ணீரை நாக்கில் வைக்கவேண்டாம் என்று முன்பு சொன்னதற்கும் இதற்கும் காரணம் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத் தண்ணீர் காலில் உள்ள சிறு காயத்தாலும் கண், வாய் வழியாகவும் உடம்புக்குள் போகும். 2024 டிசம்பரில், வெள்ளம் வடிந்த கையோடு, யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களும் போயின. உடம்பில் புண் இருந்தால் அன்றைக்குத் தண்ணீருக்குப் போகவேண்டாம். போவதற்கு முன்பே உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். வயலில் இறங்குவோருக்குக் கொடுக்கும் தடுப்பு மருந்து உங்களுக்கும் வேண்டுமா என்று அவர்கள் சொல்வார்கள்.

மீனைக் கரையில் வைத்தே வெட்டிக் கழிவைத் தண்ணீரில் கொட்டாதீர்கள், நாயும் எலியும் சேரும். வீட்டில், விராலைச் சாம்பலும் உப்பும் போட்டுத் தேய்த்தால் வழுவழுப்புப் போகும், பிறகு செதிலைச் சீவுங்கள். சேற்று மணம் பிடிக்காதவர்கள் தோலை உரித்துவிட்டுப் பழப்புளித் தண்ணீரில் சிறிது நேரம் ஊறவிட்டால் சரி. விரால் குழம்புக்கு வெந்தயம் கொஞ்சம் கூடப் போடலாம், தேங்காய்ப்பாலைக் கடைசியில் விடுங்கள். தசை கெட்டியான மீன் என்பதால் உடையாது.

கயாக்கை நல்ல தண்ணீரில் கழுவி, துளைகளிலும் இருக்கை வாரிலும் ஒட்டியிருக்கும் ஆகாயத்தாமரைத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து வெயிலில் காயவிடுங்கள். ஒரு சிறு துண்டு வேறு குளத்துக்குப் போனால் அடுத்த மாரிக்குள் அந்தக் குளத்தை மூடிவிடும். றீலைக் கழுவித் துடைத்து ஒரு துளி எண்ணெய் விடுங்கள். ரப்பர் தவளைக்குள் புகுந்த தண்ணீரை நசித்து வெளியேற்றாவிட்டால் உள்ளே முள் துருப்பிடிக்கும்.

அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் தசை நோவு, கண் சிவப்பு எதுவும் வந்தால் பனடோலோடு வீட்டில் படுத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய், சதுப்புத் தண்ணீரில் இறங்கினீர்கள் என்பதையும் எந்தத் திகதியில் என்பதையும் டொக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.